வெள்ளைத்தாயின் இடது பக்கம்

கோபர்கைரனே
10-11-2024

இசக்கிதுரைக்குச் சண்முகவடிவு எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் கோகிலாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் ஊர் வாய் வழியாக இந்நேரம் என் காதுக்கு வந்திருக்கும்.

'அன்புள்ள' என்று ஏன் போடவில்லை என்று பார்க்காதே, மனசு வரவில்லை. என் மூத்தவள் வந்தனா கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டிய நேரத்தில், நீ காட்கோபரில் எந்தச் சேட்டு வீட்டு மாப்பிள்ளைக்கோ குதிரை பிடித்துக்கொண்டிருந்தாய். தாலி கட்டி முடிந்து, பந்தியில் பாயசம் ஊற்றும்போது வந்து நின்றாய். அன்றைக்குப் பிள்ளையார் கோவிலில் கற்பூரத்தை அணைத்து, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மூன்று வருஷமாகப் பேசவில்லை, இனியும் பேசப்போவதில்லை. ஆனால் சத்தியம் பேச்சுக்குத்தானே, எழுத்துக்கு இல்லையே. உன் அத்தானிடம் கேட்டேன். வெங்காய மண்டித் தீர்ப்பு மாதிரி, "அது செல்லும்" என்று சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். இளையவள் கோகிலவாணிக்கு மாசிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை சான்பாடாப் பையன், பெயர் ஜகந்நாதன். தாய்மாமன் இல்லாமல் அவளை மணவறையில் உட்கார வைக்க முடியாது. ஆகையால் நீ வர வேண்டும். அவன் அம்மா ஆவுடையம்மாளுக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவள், மகன் மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரையில்தான் வரவேண்டுமாம். "ஒங்க தம்பிகிட்ட இருக்காம்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

பதில் தபாலில் போடு. வாட்ஸ்அப் வேண்டாம், அது பேச்சில் சேர்த்தி. தமிழில் எழுதினால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்க வராது, நம் சண்டை நம்மோடு இருக்கும்.

சண்முகவடிவு


தாராவி
17-11-2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி இசக்கிதுரை வணக்கத்துடன் எழுதுவது.

நானும் வெள்ளைத்தாயும் நலம். அத்தான், கோகிலா, வந்தனா எல்லாருடைய நலத்துக்கும் கோவிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். நீ அன்புள்ள என்று போடாவிட்டால் என்ன, நான் போடுகிறேன்.

கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கியபோதே உன் எழுத்து தெரிந்துவிட்டது. தபேலா லாயத்தில் மற்றக் குதிரைக்காரர்கள் கோர்ட்டு நோட்டீஸா என்று கேட்டார்கள். அக்காவின் கடிதம் என்றால் நம்பவில்லை.

அன்றைக்குக் காட்கோபருக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. தப்பு என்னுடையதுதான். கோகிலா கல்யாணத்துக்கு முந்தின நாளே நான் மண்டபத்தில் வந்து படுத்துக்கொள்வேன். அந்த வாரம் முழுவதும் வேறு புக்கிங் எடுக்கமாட்டேன் என்று தபேலாவில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

வெள்ளைத்தாயை நீ பார்த்ததில்லை. வந்தனா கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய பெட்டை. சேட்டு வீடுகளில் 'சாந்தினி' என்று கூப்பிடுவார்கள், என்னிடம் அவள் வெள்ளைத்தாய். மேலெல்லாம் வெள்ளை, ஒரு மறு கிடையாது. கண் இரண்டும் கருத்து, உருண்டு, நம் வீட்டுப் பிள்ளைகள் கண் மாதிரி இருக்கும். கல்யாண வீட்டார் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். கோகிலாவுக்காகப் புதிதாக ஒரு முகச்சோடனை செய்யச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி பதித்து, மணி கோத்து, கம்பி வேலை. அவளுக்கு அதைக் கட்டி உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

உன் கண்ணில் புரை விழுந்திருப்பதாக அத்தான் சொன்னார். ஆபரேஷன் எப்போது? பயப்படாதே.

தம்பி
இசக்கிதுரை


கோபர்கைரனே
28-11-2024

தம்பி இசக்கிதுரைக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். என் இடது கண் மட்டும் சிறையில் இருக்கிறது.

மாட்டுங்காவில் டாக்டர் சுந்தரராமன் ஆபரேஷன் செய்தார். நல்ல மனுஷர், ஆனால் நம் பேச்சைக் கேட்டால் சிரிக்கிறார். "வெங்காயம் உரிச்சா கண்ணுல தண்ணி வரும், புரையும் வருமா சார்?" என்று கேட்டேன். நர்ஸுகளைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

கண்ணை ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு ஒட்டி அனுப்பினார்கள். சரியாக அந்த வாரம்தான் நிச்சயதார்த்தம். தள்ளிப்போடலாமா என்று உன் அத்தான் கேட்டார், நான் விடவில்லை. ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து ஆவுடையம்மாளோடு தட்டு மாற்றினேன். அவள் ஒரு லட்டை எடுத்து என் வாயில் வைக்கப் போய், கணக்குத் தப்பி மூக்கில் இடித்தாள். எனக்குத்தான் ஒரு கண், அவளுக்கு இரண்டு இருக்கிறதே. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

நிச்சயத்துக்கு நீ வரவில்லை என்று குறை சொல்லமாட்டேன். நான் சொல்லியனுப்பவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது மூடியை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து விட்டதும் சிவப்பும் கூச்சமும் ஓடிப்போயின. சுவரில் இருக்கும் பல்லியின் விரல்வரை தெரிகிறது. வீடு இவ்வளவு அழுக்காக இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது, கோகிலாவுக்குத் தினமும் பாட்டு.

குதிரையின் கண்ணைப் பற்றி அப்படி எழுதியிருந்தாயே. உனக்குப் பெண் பார்த்தபோது ஒரு பிள்ளையின் கண்ணையாவது நீ நிமிர்ந்து பார்த்திருந்தால் இன்றைக்குத் தனிக்கட்டையாக நின்றிருக்கமாட்டாய்.

அக்கா


தாராவி
8-12-2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம். உன் கண் தெளிந்தது கேட்டு நிம்மதி. இங்கே நான் நலம்.

வெள்ளைத்தாய்க்குச் சின்னதாக ஒரு தொந்தரவு. உனக்கு எழுத வேண்டுமா என்று யோசித்தேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

புதுச் சோடனை வந்தது. கட்டிப் பார்த்தேன், அம்மன் சிலை போல இருந்தாள். மறுநாள் இடது கண்ணில் தண்ணீர். இமையைப் பாதி மூடிக்கொண்டு வெளிச்சத்துக்குத் தலையைத் திருப்புகிறாள். இப்போது கண் சிவந்து, நடுவில் நீலம் பாய்ந்த மாதிரி ஒரு மங்கல். புல்லிலிருந்து தூசி விழுந்திருக்கலாம். உப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். செம்பூர் கல்யாணத்துக்கு வேறு குதிரையை அனுப்பிவிட்டேன்.

டாக்டரைக் கூப்பிடவில்லை. பிராணிகள் ஆஸ்பத்திரி வண்டி தபேலா வாசலில் நின்றால், பொழுது சாய்வதற்குள் பேண்டுக்காரன் முதல் பந்தல்காரன் வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் நொண்டிக் குதிரைக்குக்கூட மன்னிப்பு உண்டு. கண் போன குதிரைக்குக் கிடையாது. ஒற்றைக் கண் குதிரை முன்னால் வந்தால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். போன வருஷம் ஒருவனுடைய பெட்டைக்குக் கண்ணில் வெள்ளை விழுந்தது. ஒரே சீசனில் அதைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டான். அங்கே போனது திரும்பி வராது.

அதனால் நீ யாரிடமும் சொல்லாதே. சம்பந்தி அம்மாளிடம் மூச்சு விடாதே. இரண்டொரு நாளில் சரியாகிவிடும்.

தம்பி
இசக்கிதுரை


கோபர்கைரனே
12-12-2024

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். வெள்ளைத்தாய்க்காகப் போட்டது. இங்கே எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மாவரைக்கிற மெஷினில் உளுந்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். தண்ணீர் வடிகிறது, சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம் என்று எழுதியிருக்கிறாய். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு இருந்தது அச்சாக அதேதான். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து விட்ட அன்றே கண் குளிர்ந்தது. அதில் புதுப் புட்டி ஒன்று மிச்சம் இருக்கிறது. உன் அத்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன். தாராவிக்கு மண்டி டெம்போ வருகிறது, அதில் வருவார். காலை, மதியம், மாலை, படுக்குமுன் என்று புட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். குதிரைக்குக் கண் பெரிசு, அதனால் இரண்டு சொட்டாக விடு. மனுஷனுக்கு என்ன, மாட்டுக்கு என்ன, கண் எல்லாம் கண்தான்.

விலை உயர்ந்த மருந்து, நல்ல டாக்டர் கொடுத்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு உனக்கு ஒரு பொருள் கொடுத்தனுப்புகிறேன். 'சரி அக்கா' என்று வாங்கி மூலையில் வைத்துவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

விட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா
சண்முகவடிவு


தாராவி
16-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் வந்தார், மருந்து கிடைத்தது. டீ குடித்துவிட்டு, வெள்ளைத்தாயைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். குதிரையைவிட வெங்காயம் நல்லதாம், உதைக்காதாம்.

அக்கா, உன் கைராசியே கைராசி. முதலில் விடும்போது தலையைத் தூக்கினாள். நெற்றியைத் தடவி, "அக்கா குடுத்தனுப்புன மருந்துட்டி" என்று சொன்னேன், நின்றாள். மறுநாளே சிவப்பு குறைந்தது. இன்றைக்குக் காலையில் கண்ணை முழுசாகத் திறந்து என்னைப் பார்த்தாள், தண்ணீரும் வடியவில்லை. நடுவில் அந்த நீலம் மட்டும் இன்னும் இருக்கிறது, அதுவும் போய்விடும் என்று நினைக்கிறேன். நீ எழுதி ஒட்டியபடி ஒரு வேளை தவறாமல் விடுகிறேன்.

கொஞ்ச நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இந்தக் கண் போனால் அவள் போய்விடுவாள், அவள் போனால் கோகிலா கல்யாணத்தில் நான் மறுபடியும் வெறுங்கையோடு வந்து நிற்பேன் என்று அதே நினைப்பு. நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சம்பந்தி அம்மாளிடம் குதிரை வரும் என்று உறுதியாகச் சொல்லிவிடு.

தம்பி
இசக்கிதுரை


கோபர்கைரனே
27-12-2024

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். உன்னிடமிருந்துதான் ஒன்றையும் காணோம்.

ஒரு கடிதத்தில் என்னை டாக்டராக்கிவிட்டு அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாய். நான் இங்கே பெருமை தாங்காமல் உன் அத்தானிடம், "குதிரைக்கே வைத்தியம் பாத்தாச்சு, ஒங்க முட்டு வலியெல்லாம் எனக்கு எம்மாத்திரம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர் முட்டைத் தொட விடமாட்டேன் என்கிறார்.

ஆவுடையம்மாள் குதிரையின் போட்டோ கேட்கிறாள். பத்திரிகையில் போடப்போகிறாளாம். குதிரையின் படம் போட்ட கல்யாணப் பத்திரிகையை எங்கேயாவது கண்டிருக்கிறாயா? சரி, ஒரு படம் எடுத்துக் கோகிலா போனுக்கு அனுப்பு. முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்றாள்.

தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். என்ன ஆச்சு? கண் நன்றாகத்தானே இருக்கிறது? மருந்து தீர்ந்திருந்தால் சொல், வாங்கி அனுப்புகிறேன்.

அக்கா


தாராவி
3-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

வெள்ளைத்தாய்க்கு இப்போது வலி இல்லை. தீனி எடுக்கிறாள். மருந்து அனுப்ப வேண்டாம், இனித் தேவைப்படாது.

போட்டோ எடுக்கக் கொஞ்ச நாள் போகட்டும். மாப்பிள்ளைக்கு மான்குர்டில் என் சிநேகிதனிடம் ஒரு நல்ல வெள்ளைக் குதிரை இருக்கிறது. வெள்ளைத்தாயைவிட உயரம். அதை ஏற்பாடு செய்துவிடுகிறேன். நான் கூடவே வருவேன், அதில் மாற்றம் இல்லை.

நீ இந்தப் பக்கம் வர வேண்டாம். தபேலா வழியெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உனக்கு இப்போதுதான் கண் தெளிந்திருக்கிறது, தூசி ஆகாது.

தம்பி
இசக்கிதுரை


கோபர்கைரனே
9-1-2025

இசக்கிதுரை,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது நேரம் இல்லை.

இன்றைக்கு மாட்டுங்காவில் கண்ணைக் காட்டப் போயிருந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். கிளம்பும்போது, "மிச்ச மருந்தை வேற யாருக்காச்சும் விடலாமா சார்?" என்று கேட்டேன். யாருக்கு என்றார். தம்பி வீட்டுக் குதிரைக்கு என்றேன். வழக்கம்போலச் சிரித்தார். குதிரையின் கண்ணில் தண்ணீர் வந்தது, நீலம் பாய்ந்தது, விட்டதும் சிவப்பு போய்விட்டது என்று சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது ஸ்டீராய்டுமா. கண்ணுல காயம் இருந்தா இதைப் போடவே படாது. சிவப்பு அடங்கிடும், நமக்குக் குணமான மாதிரி இருக்கும். அடியில புண்ணு ஆறாது, கிருமி உள்ளே அரிச்சுண்டே போகும். கண்ணே கரைஞ்சு போயிடும். யாரு குடுக்கச் சொன்னா?" என்றார்.

யார் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. வெளியே வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரயில்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

அங்கிருந்தே உன் போனுக்கு அடித்தேன். ஆமாம், நான்தான். கற்பூரம் என்ன செய்யுமோ செய்யட்டும் என்று அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தேன், நீ எடுக்கவில்லை. மூன்று வருஷம் நான் பேசாமல் இருந்தேன், இப்போது உன் முறையா?

'இப்போது வலி இல்லை', 'இனித் தேவைப்படாது', 'இந்தப் பக்கம் வர வேண்டாம்'. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

அவள் உயிரோடு இருக்கிறாளா? சூளைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாயா? என்ன நடந்தது என்று எழுது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மறைக்காதே. எனக்குப் பொய் வேண்டாம்.

சண்முகவடிவு


தாராவி
15-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை. நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் வேண்டிக்கொண்டேன்.

அவள் உயிரோடு இருக்கிறாள். யாருக்கும் கொடுக்கவில்லை. இடது கண் இல்லை.

பொய் வேண்டாம் என்று கேட்டதால் எழுதுகிறேன். உனக்குப் பதில் போட்ட அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலையில் பார்த்தால், கண்ணின் நடுவில் வெந்த ஜவ்வரிசி போலக் கொழகொழவென்று இருந்தது. அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு யார் பார்த்தால் என்ன என்று ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிட்டேன். டாக்டர் பரீஹா என்று ஒரு சின்னப் பிள்ளை வந்தது. ஒரு காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டதும் பச்சையாகச் சாயம் பரவியது. காயம் உள்ள இடத்தில்தான் அது பிடிக்குமாம். பாதிக் கண் பச்சையாக இருந்தது.

என்ன மருந்து போட்டாய் என்று இந்தியில் கேட்டாள். ஒன்றும் போடவில்லை என்றேன். உன் கையெழுத்து ஒட்டிய புட்டி என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்து, இதுதான் கெடுத்தது என்று அவள் சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. மறுநாள் கண் இன்னும் மோசமானது. "பாய், சொல்லாவிட்டால் நான் இருட்டில் வைத்தியம் செய்கிறேன்" என்றாள். அப்புறம்தான் கொடுத்தேன். அந்த ஒரு நாளையும் நான்தான் வீணாக்கினேன்.

வெள்ளைத்தாயின் கழுத்திலிருந்தே ரத்தம் எடுத்து, அதில் தெளிந்து வரும் தண்ணீரைப் பிரித்துக் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நானும் பக்கத்திலிருந்து சொட்டு விட்டேன், புண் அரிப்பது நிற்கவில்லை. வருஷம் முடிகிற அன்று கண் உடைந்துவிட்டது. அவளுக்கு நின்றபடியே மயக்க ஊசி போட்டு, கண்ணை எடுத்து இமையைத் தைத்துவிட்டார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காயம் உன் மருந்தால் வந்ததில்லை, அக்கா. சோடனையில் இடது பக்கம் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர்தான் கண்டுபிடித்தாள். அதைக் கட்டியது நான். முதல் நாளே டாக்டரைக் கூப்பிடாததும் நான். ஊர் வாய்க்குப் பயந்தேன். நீ நல்ல எண்ணத்தில் கொடுத்தாய், உன்னிடமிருந்து வந்தது என்பதற்காகவே நான் யோசிக்காமல் விட்டேன்.

போனில் உன் பெயர் வந்தது. மூன்று வருஷமாக அந்தப் பெயர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எடுத்தால் நீ முதலில் கண்ணைத்தான் கேட்பாய். உன்னிடம் பேசுகிற முதல் பேச்சு அதுவாக இருக்க வேண்டாம் என்று கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

மான்குர்டுக் குதிரைக்குச் சொல்லிவிட்டேன். சூளைத் தரகன் இரண்டு தடவை வந்து போனான். நான் பதில் சொல்லவில்லை. எத்தனை நாள் சொல்லாமல் இருக்க முடியும் என்று தெரியவில்லை.

தம்பி
இசக்கிதுரை


கோபர்கைரனே
28-1-2025

அன்புள்ள தம்பி இசக்கிதுரைக்கு அக்கா சண்முகவடிவு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன்னை நேரில் பார்த்துவிட்டதால் உன் சுகத்தை நானே எழுதுகிறேன். இளைத்துவிட்டாய், தாடி அசிங்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் நிறைய அழுதேன். கோகிலா பயந்துபோய் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்த்தது நல்லதாகப் போயிற்று என்று முதல் தடவையாக நினைத்தேன். அப்புறம் நானே சொல்லிவிட்டேன். கல்யாணப் பெண், அவளும் என்னோடு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் தபேலாவுக்குள் வந்தபோது நீ வெள்ளைத்தாய்க்கு அந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் சத்தியத்தோடு வந்தவள், ஒன்றும் பேசாமல் நேரே நடந்தேன். அவள் தலையை உதறிப் பின்னால் பாய்ந்தாள். கயிறு உன் கையை அறுத்துக்கொண்டு போனது. தையல் போட்ட அந்தப் பக்கம் என் முன்னால் வந்து நின்றது. இருந்த கண்ணைவிட இல்லாத கண் பெரிசாகத் தெரிந்தது.

தையலைப் பார்க்க வந்திருந்த அந்த டாக்டர் பிள்ளை ஓடிவந்து, "ஆண்ட்டி, சும்மா போகாதீர்கள், பேசிக்கொண்டே போங்கள். அந்தப் பக்கம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. குரல் கேட்டால்தான் ஆள் வருவது தெரியும். நீங்கள் சத்தமில்லாமல் வந்தால் அவள் பயந்துவிடுவாள்" என்றது.

நான் நின்ற இடத்திலிருந்தே வாயைத் திறந்தேன். "ஏட்டி வெள்ளத்தாயி, நாந்தாம்ட்டி. மருந்து குடுத்துவிட்டவ நாந்தான். பயப்படாத. தெரியாமச் செஞ்சிட்டேன், கேட்டியா." காது இரண்டையும் என் பக்கம் திருப்பினாள். பேசிக்கொண்டே போய்க் கழுத்தில் கை வைத்தேன், நின்றாள். நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். வந்தனா கல்யாணத்தைச் சொன்னேன், மாலையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துப் பார்த்து நின்றதைச் சொன்னேன். மூன்று வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அதிரசம் சுட்டு உனக்கென்று நாலு எடுத்து வைத்து, அப்புறம் நானே தின்றதையும் சொன்னேன். எல்லாம் குதிரையிடம்தான் சொன்னேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் அந்தப் பக்கம் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரன்.

இனி வேலையைச் சொல்கிறேன். மான்குர்டுக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு.

நேற்றுச் சான்பாடா போனேன். ஆவுடையம்மாளிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே, "ஒத்தக் கண்ணுக் குதிரையிலயா எம்மவன் வரணும்? பாக்க நாலு பேரு என்ன சொல்லுவாவ?" என்றாள்.

"நிச்சயத்தன்னைக்கு நானும் ஒத்தக் கண்ணோடதான மதினி தட்டு மாத்துனேன். அப்பம் ஒண்ணும் சொல்லாத நாலு பேரு இப்பம் என்ன சொல்லப்போறாவ? ஒங்க கையால லட்டு வேற ஊட்டுனிய" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். காபி வரும் என்று உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. எழுந்திருக்கலாமா என்று நினைத்தபோது மாப்பிள்ளைப் பையன் வாயைத் திறந்தான். "அத்தே, எனக்குக் குதிரைன்னாலே பயம். அம்மாவுக்காவத்தான் சரின்னேன். ஒரு பக்கமாவது அது என்னையப் பாக்காம இருந்தா நல்லதுதான்" என்றான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. அவள் சரி என்று சொல்லவில்லை, ஆனால் சர்க்கரை இரண்டு கரண்டி போட்டிருந்தாள். எனக்கு அது போதும்.

டாக்டர் பிள்ளையிடமும் கேட்டுவிட்டேன். மாசிக் கடைசிக்குள் தையல் நன்றாக ஆறிவிடுமாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவில் நடத்திப் பழக்க வேண்டுமாம். பட்டாசு கூடாது, டிஜே கூடாது, நாதஸ்வரம் பின்னால் தள்ளி வரட்டும். முகச்சோடனை வேண்டாம். கோகிலா மல்லிகைப் பூவில் நெற்றிக்கு ஒன்று கட்டித் தருகிறாள், அதில் கம்பி இருக்காது. வழி முழுக்க வெள்ளைத்தாயின் இடது பக்கத்தில் பழகிய குரல் ஒன்று வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்றாள் டாக்டர். என் குரலைப் பழக்க இனி ஞாயிறுதோறும் வருவேன். தரகன் வந்தால் நான் வரும் நாளாகப் பார்த்து வரச் சொல்.

நீ வலது பக்கம் கயிற்றைப் பிடி. இடது பக்கம் நான் வருகிறேன். கோவிலிலிருந்து மண்டபம் வரை நான் பேசிக்கொண்டே வருவேன், நிறுத்தினால் அவள் மிரண்டுவிடுவாள். மூன்று வருஷத்துக் கதை இருக்கிறது, தெரு முடிந்தாலும் அது முடியாது.

நடுவில் நீ 'உம்' கொட்டினால் சத்தியம் முறியுமா என்று உன் அத்தானிடம் கேட்டேன். முறியட்டும் என்றார்.

அன்புடன்
அக்கா